தேர்வும் தேர்ச்சியும் – 9: மானியக் கணக்கில் பிறந்த தேர்ச்சி

ஆண்டு முடிவில் ஒரு தேர்வு. தேறியவர் மேல் வகுப்புக்குப் போகிறார், தேறாதவர் அதே வகுப்பில் மீண்டும் உட்கார்கிறார். பள்ளிக்கூடம் தோன்றிய நாளிலிருந்தே இந்த வழக்கமும் இருந்துவருகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ‘ஆல் பாஸ்’ பற்றி நம் ஊரில் நடக்கும் விவாதமெல்லாம் இந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் நடக்கிறது. பழைய கட்டுப்பாட்டைக் கைவிட்டதால் கல்வி கெட்டது என்கிறது ஒரு தரப்பு. பழைய கொடுமை ஒழிந்ததால் குழந்தைகள் பிழைத்தார்கள் என்கிறது மறுதரப்பு. அந்தப் பழையது எவ்வளவு பழையது, அதை யார் எதற்காக உண்டாக்கினார்கள் என்று இரு தரப்பும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் வரலாறு நம்மை ஒரு கருவூலத்துக்கு அழைத்துப் போகிறது. பள்ளிக்கு அரசு எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்று கணக்குப் பார்ப்பதற்காகவே குழந்தை ஒவ்வொன்றுக்கும் ‘பாஸ்’, ‘பெயில்’ என்று குறிப்பெழுதும் பழக்கம் பெரிய அளவில் தொடங்கியது. பணக் கணக்கு பின்னாளில் கைவிடப்பட்டது. குழந்தையின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு மட்டும் கைவிடப்படவில்லை. இன்றைய குழப்பத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது என்பதே இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது.

சென்ற பகுதியில் பார்த்த திண்ணைப் பள்ளிகளில் ஆண்டு வகுப்பு என்ற ஒன்றே கிடையாது. அரிச்சுவடியை முடித்த பையன் எண்சுவடிக்குப் போவான். பக்கத்தில் இருப்பவன் இன்னும் சில மாதம் அரிச்சுவடியிலேயே இருப்பான். முன்னே போனவன் சட்டாம்பிள்ளையாகிப் பின்னே வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. அதில் வகுப்புகள் உண்டு, ஏற்ற இறக்கமும் உண்டு. ஆனால் அதற்காக ஆண்டு முடிவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. நன்றாகச் செய்கிறவன் உடனே மேல் வகுப்புக்கு ஏறுவான். தடுமாறுகிறவன் கீழே இறங்கி, தேறியதும் மறுபடி ஏறுவான். ஓர் ஆண்டை மொத்தமாக இழப்பது என்ற தண்டனை அந்த ஏற்பாட்டில் இல்லை. இதைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமல்ல. தாமஸ் மன்றோ 1822 முதல் 1826 வரை எடுத்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருந்தார்கள்; அவர்களில் பெண்கள் ஐந்தாயிரத்தைக்கூட எட்டவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகள் மூடியே இருந்தன. உள்ளே விடாமல் நிறுத்திய பள்ளிக்கு, உள்ளே வந்தவரை ‘பெயில்’ ஆக்கவில்லை என்று பெருமை சேர்த்துவிட முடியாது. ஆண்டு முடிவில் ஒரே தீர்ப்பு என்பது இல்லாமலும் பள்ளிக்கூடங்கள் நடந்தன, பிள்ளைகள் படித்தார்கள் என்ற அளவுக்கே இந்தச் சான்று உதவும்.

தீர்ப்பு வந்த கதை 1861இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் தொடக்கக் கல்வியை ஆராய்ந்த நியூகாசில் கமிஷன் அந்த ஆண்டு அறிக்கை தந்தது. அரசு மானியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, ஆசிரியர்களோ கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் கவனித்துவிட்டு மற்றவர்களை விட்டுவிடுகிறார்கள் என்பது அதன் குறை. கல்வித் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் லோ இதற்குக் கண்ட மருந்து, 1862இல் நடைமுறைக்கு வந்த ‘திருத்திய விதித்தொகுப்பு’. தொடர்ந்து வரும் ஒரு குழந்தை பள்ளிக்குச் சம்பாதித்துத் தரக்கூடிய தொகை ஆண்டுக்கு 12 ஷில்லிங். அதில் 4 ஷில்லிங் வருகைப் பதிவுக்கு. மீதி 8 ஷில்லிங் ஆய்வாளர் நேரில் வந்து நடத்தும் தேர்வுக்கு. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பாடம். எதில் தவறினாலும் அதற்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்துத் தேர்வு வைக்கலாம் என்றுதான் முதல் வரைவு இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியபின் அதைக் கைவிட்டு ஆறு படிநிலைகளாக அமைத்தார்கள். ஓரசைச் சொற்களாலான சிறு கதையை வாசிப்பதும், 20 வரை எண்களை எழுதுவதும் முதல் படிநிலை. செய்தித்தாளின் சாதாரணப் பத்தி ஒன்றை வாசிப்பதும், கடைப் பட்டியல் போடத் தெரிவதும் ஆறாம் படிநிலை. ஓராண்டுக்கு ஒரு படி, ஒரு படிக்கு ஒரு தேர்வு, ஒரு தேர்வுக்கு ஒரு தொகை என்று ஏழைகளின் பள்ளிப் படிப்பு முழுவதும் வெட்டி அடுக்கப்பட்டது இப்படித்தான்.

அந்த விதிகளில் ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு படிநிலையில் ஒருமுறை தேர்வுக்கு நிறுத்திய குழந்தையை மறுபடி அதே படிநிலையிலோ அதற்குக் கீழேயோ நிறுத்தி மானியம் கேட்கக் கூடாது. ஒரே பாடத்துக்கு அரசு இரண்டு முறை பணம் கொடுக்காது என்பதே இதன் பொருள். அதனால் தவறிய குழந்தையை அதே படியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பள்ளிக்குத் தேர்வுப் பணம் ஒரு பென்னிகூடக் கிடைக்காது. மேலே தள்ளிவிட்டால், எந்தப் பாடத்திலாவது தேறி ஏதாவது சம்பாதிக்கலாம். எனவே அடிப்படை தெரியாத குழந்தையும் ஆண்டுக்கு ஒரு படி மேலே நகர்த்தப்பட்டது. கெட்டிக்காரக் குழந்தையை அதன் தகுதிக்குக் கீழான படியில் தொடங்கவைத்தால் பல ஆண்டுகளுக்கு வருமானம் உறுதி என்பதும் ஆசிரியர்களுக்குப் புரிந்துவிட்டது. ‘பெயில்’ என்ற முத்திரையும், தெரியாதவரைத் தூக்கி மேலே விடும் பழக்கமும் ஒரே விதித்தொகுப்பின் இரட்டைப் பிள்ளைகள் என்பதை நம் விவாதக்காரர்கள் மறந்துவிடக் கூடாது. இன்று இரண்டையும் எதிரெதிர்க் கொள்கைகளாக நிறுத்திச் சண்டையிடுகிறோம். பிறந்தபோது இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: தீர்மானம் பிள்ளையின் படிப்பைப் பார்த்து எடுக்கப்படவில்லை.

லோவின் கணக்கு ஒரு வகையில் பலித்தது. 1861இல் 8 லட்சம் பவுனைத் தாண்டியிருந்த மானியம் 1865இல் சுமார் 6 லட்சத்து 37 ஆயிரமாக இறங்கியது. படிப்புக்கு என்ன ஆயிற்று என்பதை, கவிஞராகவும் பள்ளி ஆய்வாளராகவும் இருந்த மாத்யூ ஆர்னல்டின் அறிக்கைகள் காட்டுகின்றன. ஆண்டு முழுதும் ஒரே வாசிப்புப் புத்தகத்தை உருப்போட்டு ஒப்பிக்கும் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். அதே தரத்தில் வேறொரு புத்தகத்தைக் கொடுத்தால் வாசிக்க முடியவில்லை. தேர்வில் தேறுவதும் வாசிக்கத் தெரிவதும் வேறுவேறு என்று அவர் ஆண்டுக்கணக்கில் எழுதினார். ஆயினும் லோவுக்கு நியாயம் செய்ய வேண்டும். பின்தங்கிய குழந்தையும் கவனிக்கப்பட வேண்டும் என்ற அவருடைய கவலை பொய்யல்ல. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக விலை வைத்தால் ஆசிரியர் ஒருவரையும் விட்டுவிட மாட்டார் என்று அவர் நம்பினார். அந்த விலை, சொல்லிக்கொடுக்கும் உழைப்புக்கு வைக்கப்படாமல், ஒருநாள் ஆய்வாளர் முன் ஒப்பிப்பதற்கு வைக்கப்பட்டது. பிழை அங்கேதான்.

சென்னை மாகாணத்துக்கு இந்த முறை வர அதிக நாள் ஆகவில்லை. 1854இன் வுட் அறிக்கைக்குப் பின் இங்கே மானிய விதிகள் பலமுறை மாற்றப்பட்டன; 1868இல் தேர்ச்சிக்கேற்ற மானியம் விதிகளில் ஏறியது. அதுவரை அரசின் கண்ணில் படாமல் நடந்த திண்ணைப் பள்ளிகள், ஆய்வாளரை உள்ளே விட்டு, அவர் சொன்ன பாடத்தை ஏற்று, படிநிலைவாரியாகப் பிள்ளைகளை நிறுத்தினால் தலைக்கு இவ்வளவு என்று பணம் பெறலாம். 1871இன் உள்ளாட்சி நிதிச் சட்டம் இதற்கு உள்ளூர் வரிப்பணத்தையும் கொண்டுவந்து சேர்த்தது. வறுமையில் இருந்த கிராமத்து வாத்தியாருக்கு இது பெரிய தொகை. அரசுக்கோ, தானே பள்ளி கட்டாமல் ஆயிரக்கணக்கான பள்ளிகளைத் தன் கணக்கில் சேர்க்கும் மலிவான வழி. 1882இல் அமைந்த ஹண்டர் கமிஷன் தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த மானிய முறையையே பரிந்துரைத்தது. இங்கிலாந்து 1890களில் படிப்படியாகக் கைகழுவிய பிறகும் இந்தியாவில் இது நீடித்தது. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம்தான் இதற்கு முடிவு கட்டியது. அதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் போய்விட்டது. அவரவர் வேகத்தில் எண்சுவடிக்கு நகர்ந்த பிள்ளைகளின் இடத்தில், ஆய்வாளர் வரும் நாளை நோக்கிக் கும்பலாக ஓடும் வகுப்புகள் வந்துவிட்டன. பணம் நின்ற பிறகும் ஆண்டுத் தேர்வு நிற்கவில்லை. ஆசிரியரின் ஊதியத்தை நிர்ணயித்த அதே தேர்வு இப்போது குழந்தையை மட்டும் நிர்ணயித்தது. தோல்வியின் விலையை அதுவரை பள்ளியும் சேர்ந்து கொடுத்துவந்தது. 1904க்குப் பிறகு குழந்தை தனியாகக் கொடுக்கத் தொடங்கியது.

அந்த விலை எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் லியனார்ட் அயர்ஸ் 1909இல் வெளியிட்ட ஆய்வு, நகரப் பள்ளிகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு குழந்தை படித்த வகுப்பிலேயே மீண்டும் உட்கார்கிறது என்றும், அதற்கு ஆண்டுக்கு 2 கோடியே 70 லட்சம் டாலர் செலவாகிறது என்றும் காட்டியது. பாடத்திட்டம் சராசரிக் குழந்தைக்கு அமையாமல் கெட்டிக்காரக் குழந்தைக்கு அமைந்திருப்பதே காரணம் என்றார் அவர். நம் நாட்டில் 1929இன் ஹார்டாக் குழு அறிக்கை இன்னும் கடுமையான படத்தைத் தந்தது. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த 100 சிறுவர்களில் 1925-26இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர் மட்டுமே. மீதி 82 பேரில் சிலர் கீழ் வகுப்புகளில் தேங்கிக் கிடந்தார்கள், பலர் பள்ளியை விட்டே போய்விட்டார்கள். தேக்கம், இடைநிற்றல் என்று அறிக்கைகள் இரண்டையும் தனித்தனியாக எண்ணின. ஆனால் ஒரே வகுப்பில் இரண்டாம் ஆண்டு உட்கார்ந்த பையனைத்தான் மூன்றாம் ஆண்டில் தகப்பன் வயலுக்கோ தறிக்கோ அழைத்துப் போனார். 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி கமிஷன், தேக்கம் முதல் வகுப்பில்தான் மிக அதிகம் என்று கண்டு, முதலிரண்டு வகுப்புகளையும் பிரிக்காமல் ஒரே அலகாக நடத்தச் சொன்னது. 1986இன் தேசியக் கல்விக் கொள்கையோடு தொடக்க வகுப்புகளில் நிறுத்திவைக்காமை ஏற்கப்பட்டது. ஆக, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வானத்திலிருந்து விழவில்லை. எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் நிறுத்திவைக்கக் கூடாது என்ற அந்த விதிக்குப் பின்னால் எண்பது ஆண்டு எண்ணிக்கை இருந்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ‘பிரதம்’ அமைப்பின் ஏசர் ஆய்வு கிராமப்புற வீடுகளுக்குப் போய்க் குழந்தைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2010இல் சுமார் 54 சதவீதம், 2012இல் சுமார் 47 சதவீதம். சட்டம் வந்தது, தரம் விழுந்தது என்று சொல்ல இது போதாதா? விழுந்தது உண்மை. ஆனால் சட்டம் வருவதற்கு முன், 2006இலேயே அந்த அளவு ஏறத்தாழ பாதிதான். தேர்வும் தோல்வியும் ஆண்ட நூறாண்டின் விளைச்சலும் பாதிப் பேர்தான் என்றால், அந்தப் பாதியைக் காட்டித் தேர்வைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வதில் நியாயம் எங்கே? இதைவிட முக்கியமானது, சட்டத்தில் நாம் படிக்காமல் விட்ட பகுதி. 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் ஆசிரியர் கணித்துத் தேவையான கூடுதல் பாடம் நடத்த வேண்டும் என்கிறது. 29ஆம் பிரிவு தொடர்ச்சியான மதிப்பீட்டைக் கேட்கிறது. 4ஆம் பிரிவு, பள்ளிக்கு வராதிருந்து தாமதமாகச் சேரும் குழந்தைக்குச் சிறப்புப் பயிற்சியை உரிமையாக்குகிறது. நிறுத்திவைக்காமை இந்த மூன்றோடும் சேர்த்து எழுதப்பட்டது. நடைமுறைக்கு முழுதாக வந்தது அது ஒன்றுதான். காசு செலவில்லாத விதியும் அது ஒன்றுதான். தெரியாத குழந்தையை மேலே தள்ளிவிட்டு மறந்துவிடும் 1862இன் பழக்கத்துக்கு அரசுகள் திரும்பிப் போயின என்றே இதைச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரின் குறை இங்கிருந்து வருகிறது. அது முழுக்க நியாயமான குறை. எட்டு வரை தடையின்றி வந்த குழந்தை முதல் முறையாக அங்கேதான் சுவரில் மோதுகிறது. டெல்லி அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் ஏறத்தாழ பாதிப் பேர் தேறாத நிலை வந்தபோது, 2016இல் அந்த அரசு தனித் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்பிலேயே நிறுத்தியிருந்தால் அந்தக் குழந்தைக்கு வாசிக்க வந்திருக்குமா? அதே ஆசிரியர், அதே புத்தகம், அதே வேகம் இரண்டாம் முறை நடந்தால் முதல் முறை கிடைக்காதது எப்படிக் கிடைக்கும்? நிறுத்திவைப்பதை ஆதரிப்போர் காட்டும் மிக நல்ல சான்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம். அங்கே 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாசிப்பில் குறைந்தபட்ச அளவை எட்டாத மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நிறுத்திவைக்கப்பட்டார்கள், முதல் சில ஆண்டுகளில் நல்ல முன்னேற்றமும் கண்டார்கள். அவர்களுக்குக் கோடை வாசிப்பு முகாம், தினமும் 90 நிமிட வாசிப்புப் பாடம், திறமை நிரூபித்த ஆசிரியர் ஆகியவையும் சேர்த்துத் தரப்பட்டன. அப்படியிருந்தும் பள்ளிப் படிப்பை முடிக்கும் விகிதம் உயரவில்லை. சிகாகோவில் 1996 முதல் மூன்று, ஆறு, எட்டாம் வகுப்புகளில் இப்படி நிறுத்தினார்கள். எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் பள்ளியை விட்டுப் போவது கூடியது என்று பின்வந்த ஆய்வு கண்டது. சிறுவயதில் நிறைய உதவியோடு நிறுத்தினால் ஓரளவு பயனுண்டு, வளர்ந்தபின் நிறுத்தினால் கேடு என்ற அளவுக்குத்தான் இந்தச் சான்றுகள் செல்கின்றன. பயம் இல்லாவிட்டால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்பாருக்கும் இதில் விடை உண்டு: எழுத்துக் கூட்டத் தெரியாத பத்து வயதுக் குழந்தைக்குக் குறைவாக இருப்பது பயமல்ல.

தமிழ்நாட்டில் வேறொரு வழி முயலப்பட்டது; அதன் முழுச் சிறப்பையும் நாம் இன்னும் பேசவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்தை ஒட்டிச் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007-08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளெல்லாம் அதற்கு மாறின. ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு கற்றல் ஏணியில் அவரவர் படியில் ஏறினார்கள். நாலு நாள் வராத பிள்ளை விட்ட படியிலிருந்து தொடரலாம். அதற்காக ஓராண்டை இழக்க வேண்டியதில்லை. நடைமுறையில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, பயிற்சி தேய்ந்தது, பெற்றோருக்குப் பாடப்புத்தகம் இல்லாத வகுப்பில் நம்பிக்கை வரவில்லை. கொரோனாவுக்குப் பின் 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க முனைந்தது. ஒரே வகுப்பில் இருந்துகொண்டே வெவ்வேறு படியில் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், மார்ச் மாதத்தில் ஒரே தீர்ப்பு எழுதும் கட்டாயம் தானே தளர்கிறது. எழும்பூர் பெல்லுக்கு இது புதிதாக இருந்திருக்காது.

2019இல் நாடாளுமன்றம் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைக்கவும் விரும்பும் மாநிலங்கள் நிறுத்திவைக்கவும் வழி செய்தது. தமிழ்நாடு அந்த ஆண்டு செப்டம்பரில் இரு வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வு அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2020 பிப்ரவரி 4இல் ஆணையைத் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளை மாற்றியபோது, எட்டு வரை நிறுத்திவைக்காமை தொடரும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. புதிய மத்திய விதிப்படி தவறிய குழந்தைக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு. அதிலும் தவறினால் அதே வகுப்பு. நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலைத் தலைமையாசிரியர் வைத்துக் கண்காணிக்க வேண்டும். கூடுதல் ஆசிரியரையோ கூடுதல் நிதியையோ அந்த விதி சேர்த்துத் தரவில்லை. பட்டியல் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. தவறியவர்களுக்கு மட்டுமல்லாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் அது வேண்டும். யார் தேறவில்லை என்பதோடு, யாருக்கு வாசிப்பில் எது வரவில்லை, கணக்கில் எங்கே நிற்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஜூன் மாதம் அடுத்த வகுப்பு ஆசிரியர் கையில் அது கிடைக்க வேண்டும். அதைக் கொண்டு வேலை செய்ய அவருக்குத் தினமும் ஒரு பாடவேளையும் உதவிக்கு இன்னொரு ஆசிரியரும் வேண்டும். இதற்குப் பணம் ஆகும். ஒரு குழந்தையை இன்னோர் ஆண்டு அதே வகுப்பில் வைத்திருக்கவும் அரசுக்கு ஓராண்டுச் செலவு ஆகத்தான் செய்கிறது. எட்டாம் வகுப்பு வரை நிறுத்தாத மாநிலத்தில் குழந்தை சந்திக்கும் முதல் பெரிய வாசல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. எஸ்.எஸ்.எல்.சி. என்ற அந்தச் சான்றிதழ் சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷனின் இடத்தைப் பிடித்த கதையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.